கடைவாயில் ஒதுக்கிய கற்கண்டு

எழுபதுகளின் பிற்பகுதியில், ஒரு தை மாதத்தில், விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அரியலூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர் வேலை. திருமணமாகி ஓராண்டு நிறைந்திருந்தது. காலையும் மாலையும் பஸ்ஸில் போய்வரும் நேரமெல்லாம், பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொந்தரவில்லாத குரலில் பதிகங்களை முணுமுணுத்துக்கொண்டு போவேன். வேறு பொழுதுபோக்கு எனக்கு இருந்ததில்லை.

அந்தத் தை மாதக் கடைசியில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குக் குடமுழுக்கு. கலசத்தில் நீர் விழுந்து முதல் தீபாராதனை ஆனதும், மண்டபத்தில் நின்று ஒருவர் ஒரு பதிகத்தை முழுவதும் பாட வேண்டும். பாடி முடித்த பிறகுதான் கூடியிருப்பவர்களுக்குத் திருநீறு கொடுப்பார்கள். அது எங்கள் ஊர் வழக்கம். அந்த முறை பாடும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

இது சிறிய செய்தி அன்று. எங்கள் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயில் நிலத்தில் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். மண்டபத்தில் ஏறி நின்று பாடியவர்கள் அல்லர். முதல் ஆள் நான். ஆகவே பாடப்போவது நான் ஒருவன்தான் என்றாலும், பாட்டு மொத்தத் தெருவுக்கும் சொந்தமாகிவிட்டது. திருமானூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களெல்லாம் முன்கூட்டியே பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தவர்கள் மூன்று பேர். மூன்றையும் எப்படிக் கட்டுவது என்று என் மனைவி கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோயிலில் அதுவரை நாற்பது ஆண்டுகள் பாடிவந்தவர் மேலத்தெருப் பெரியவர் ஒருவர். மூச்சு முன்போல் நிற்கவில்லை என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். "அந்த வாத்தியார் பாடட்டும், நல்ல சாரீரம்" என்று திருப்பணிக் குழுவில் என் பெயரைச் சொன்னவரும் அவரே. ஆனால் அவருடைய தங்கை மகன் திருச்சியில் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தான். இடம் அவனுக்குத்தான் போகும் என்று ஊர் எதிர்பார்த்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் வரப்போகும் வினைக்கு இதுதான் வித்து.

பாடுகிறவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. தொண்டை வறளாமல் இருப்பதற்காகப் பனங்கற்கண்டுத் துண்டு ஒன்றைக் கடைவாயில், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வார்கள். அது சிறுகச் சிறுகக் கரைந்து தொண்டையை நனைத்தபடி இருக்கும். பெரியவர் அந்த நுட்பத்தை எனக்குச் சொல்லி, கையோடு ஒரு பொட்டலமும் கொடுத்தார். எதையும் அளவோடு செய்யும் குணம் அன்று என்னிடம் இல்லை. மார்கழி முதல் தேதி தொடங்கி, கண் விழித்தது முதல் உறங்கும்வரை, உறங்கும்போதும்கூட, என் இடப்பக்கக் கடைவாயில் ஒரு கற்கண்டு குடியிருந்தது. வேப்பங்குச்சியால் முன்பற்களை மட்டும் நாலு தேய்ப்புத் தேய்ப்பேன். அந்தக் கோடி வரைக்கும் குச்சி போகாது. போகவில்லையே என்று நான் வருந்தியதும் இல்லை. இறைவன் நாமத்தை இடையறாது சொல்லும் வாய்க்கு வேறு என்ன தூய்மை வேண்டும் என்று, உண்மையாகவே, நினைத்திருந்தேன்.

பொங்கல் கழிந்தது. குடமுழுக்குக்குப் பத்து நாள் இருக்கையில் அந்தக் கோடியில் வலி தொடங்கியது. முதல் நாள் கிராம்பு வைத்தேன். இரண்டாம் நாள் கன்னம் வீங்கியது. மூன்றாம் நாள் காலை எழுந்து கொட்டாவி விடப்போனேன். தாடை பாதியில் நின்றுவிட்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை.

"என்னங்க, நல்லா ஆன்னு காட்டுங்க" என்றாள் என் மனைவி.

காட்டினேன்.

"இவ்ளோதானா? வெளயாடாதீங்க."

விளையாட்டாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கஞ்சியைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. முனகலைத் தவிர வேறெதுவும் வெளியே வரவில்லை. வாயில் ஒரு கெட்ட வாடை வேறு. என் அருகில் வரும்போதெல்லாம் என் மனைவி சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள். ஏனென்று சைகையில் கேட்டால், "தூசிங்க" என்றாள். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதிக் காட்டத் தொடங்கினேன்.

அன்று பிற்பகலே தெரு முழுவதும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. எதிர்வீட்டு அத்தை என் தாடையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்.

"இது பல்லு வலி இல்லடி. வாயக் கட்டிட்டாங்க."

மந்திரம் செய்து ஒருவன் வாயைத் திறக்கவிடாமல் பூட்டிவிடுவதை எங்கள் பக்கத்தில் வாய்க்கட்டு என்பார்கள். அந்தச் சொல் விழுந்ததும் கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. பிறகு ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கல்கண்டு யாரு குடுத்தா?"

"மேலத்தெருக்காரருதானே குடுத்தாரு."

"அதுலதான் வெச்சுக் குடுத்திருக்காரு. தங்கச்சி மவன் பாடணும்ல?"

"பின்ன என்ன? நம்ம வூட்டுப் புள்ள மண்டபத்துல ஏறுறது புடிக்குமா?"

கணக்குச் சரியாக வந்துவிட்டது. வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் கட்டு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவரை அழைத்துவரலாம் என்றார் ஒருவர். இளவட்டங்களுக்கு அதுவும் போதவில்லை. "அதெல்லாம் அப்பறம். மொதல்ல அந்தாளு வூட்டு வாசல்ல போயி நின்னு, என்னய்யா செஞ்சேன்னு கேட்டுப்புடுவோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். எழுந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிலேட்டு மடியில் இருந்தது; குச்சி கையில் இருந்தது. "அவர் அப்படிப்பட்டவர் அல்லர்" என்று எழுத மூன்று சொல் போதும். நான் எழுதவில்லை. எழுத முடியாமல் இல்லை. இருக்குமோ என்ற எண்ணம் எனக்குள்ளும் எழுந்துவிட்டது. அன்பைப் பற்றியும் அருளைப் பற்றியும் நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடமாக இருந்த ஒருவன், தனக்காகப் பரிந்து பேசிய மனிதரை ஒரு பல் வலிக்காக மனத்துக்குள் குற்றவாளி ஆக்கிவிட்டான்.

நிலைமையைக் காப்பாற்றியவள் என் மனைவி. "கேக்கலாம், நல்லா கேக்கலாம். அவரு எங்க ஓடிடப் போறாரு? நாளைக்கு நாங்க பெரம்பலூர் போயி பல்லு டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்துடுறோம். பல்லுல ஒண்ணுமில்லேன்னு அவங்க சொல்லட்டும், அப்பறம் எல்லாருமா போவோம். நானும் வரேன்" என்றாள். அவளும் வருகிறேன் என்று சொன்னதால் அவர்களால் மறுக்க முடியவில்லை. எழுந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

மறுநாள் அரியலூர் போய் அங்கிருந்து பெரம்பலூர் பஸ் ஏறினோம். அந்தப் பாதையின் ஒவ்வொரு பள்ளமும் என் தாடைக்கு இன்றும் நினைவிருக்கும். கடைவீதியில் ஒரு மாடியில் அந்த டாக்டரம்மாவின் அறை. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். என் நெற்றி நிறைந்த திருநீற்றையும், மடியிலிருந்த சிலேட்டையும் பார்த்துவிட்டு, "என்ன சார், மௌன விரதமா?" என்றார்.

என் மனைவி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்: பதிகம், கற்கண்டு, வாய்க்கட்டு, மேலத்தெருக்காரர், துண்டை உதறி எழுந்த இளவட்டங்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. திறந்த ஒரு விரல் இடைவெளிக்குள் விளக்கைக் காட்டி, வளைந்த முனையுள்ள ஒரு சிறிய கருவியை விட்டுப் பார்த்தார்.

"ஞானப்பல்லு சார். இந்த வயசுலதான் மொளைக்கும். பாதி வெளிய வந்திருக்கு, மீதிப் பாதிய ஈறு மூடிக்கிட்டு இருக்கு. அந்த மூடிக்கு அடியில ஒரு பை மாதிரி எடம். அங்கதான் கொதிக்குது. கல்கண்ட எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?"

இடப்பக்கம் என்று கைகாட்டினேன்.

"எத்தன நாளா?"

"மார்கழி ஒண்ணுலேர்ந்து, டாக்டரம்மா. ராத்திரி தூங்கறப்பவும்" என்றாள் என் மனைவி, இரக்கமே இல்லாமல்.

டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்தார். "நீங்க கோயில் சுவத்துல செடி புடுங்குற வேலையெல்லாம் செய்வீங்கள்ல?"

தலையசைத்தேன். மாதந்தோறும் நண்பர்களுடன் உழவாரப் பணிக்குப் போகிறவன் நான். மதிலில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு எடுத்து, புல் செதுக்கி, பிராகாரத்தைப் பெருக்கிவிட்டு வருவோம்.

"செடி வழவழன்னு இருக்கிற கல்லு மேலயா மொளைக்குது? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல மண்ணு தங்குற இடுக்குலதானே? அதே கததான் இங்கயும். அந்த இடுக்குக்கு நீங்க ஒண்ணர மாசமா பாகு காச்சி ஊத்தியிருக்கீங்க."

தலை குனிந்தேன். ஊர்க் கோயிலின் இடுக்கெல்லாம் எனக்குத் தெரியும். என் வாயின் இடுக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் இன்னொன்றும் செய்தார். அதை என்றும் மறக்க மாட்டேன். ஈறின் மடிப்புக்கு அடியிலிருந்து ஊசிமுனையளவு அழுக்கைச் சுரண்டி எடுத்து, ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு நீர் விட்டுக் கலந்து, மூலையில் துணி போட்டு மூடியிருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தார். படித்த காலத்தில் வாங்கியதாம். "பாருங்க சார்" என்றார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்ச வட்டம். அந்த வட்டத்துக்குள் ஓர் ஊரே உயிரோடு இருந்தது. புள்ளி புள்ளியாகச் சில. குச்சி குச்சியாகச் சில. சுருண்ட நூல்போல் நெளிந்து நெளிந்து ஓடியவை சில. தேர்த் திருவிழாக் கூட்டத்தைக் கோபுரத்தின் மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. அண்டத்தைப் படைத்தவன் அணுவுக்குள்ளும் இருக்கிறான் என்று அதுவரை ஆயிரம் முறை பாடியிருப்பேன். என் வாய்க்குள்ளேயே இப்படி ஒரு படைப்பு இருந்ததை எனக்கு யாரும் காட்டியதில்லை. வலியை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். என் மனைவி தோளைத் தட்டி, "நகருங்க, நானும் பாக்கணும்" என்று என்னைத் தள்ளிவிட்டு இடம் பிடித்தாள்.

"அய்யய்யோ, ஓடுது டாக்டரம்மா! இதெல்லாம் இவரு வாய்லயா இருக்கு?"

"உங்க வாய்லயும் இருக்கும்மா. என் வாய்லயும் இருக்கு. காத்தும் எச்சியும் படுற எடத்துல அதுங்க பாட்டுக்கு இருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல. காத்துப் போவாத மடிப்புக்குள்ள, தின்னவும் குடுத்து மூடி வெச்சா, ஒண்ணு நூறாயிடும். வாயக் கட்டுனது இவங்கதான்" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டியவர், என்னைப் பார்த்து, "இவங்கள விருந்துக்குக் கூப்புட்டது சாரு" என்றார்.

வெதுவெதுப்பான உப்புநீரை ஒரு குழல் வழியாக அந்த மடிப்புக்குள் பாய்ச்சிப் பாய்ச்சிக் கழுவினார். வலியில் என் கண்ணில் நீர் வந்தது. ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார். வேளைக்கு வேளை உப்புநீரில் கொப்புளிக்கச் சொன்னார். வீக்கம் வடிந்ததும் பல்லுக்கிடையில் தட்டைக் குச்சிகளை அடுக்கி, நாளுக்கு ஒன்றாகக் கூட்டி, தாடையைப் பழக்கச் சொன்னார். "பாடிடுவேனா?" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

"பாடுவீங்க. ஆனா முழுசா ஆன்னு தொறக்க அன்னிக்கு முடியுமான்னு சொல்ல மாட்டேன். அந்தப் பல்லுக்கு எடம் பத்தல, அதை அப்பறமா எடுத்துடுவோம்" என்றவர், வாசல்வரை வந்து என் மனைவியிடம் தனியாகச் சொன்னார்: "அந்தப் பெரியவருகிட்ட யாரையும் சண்டைக்கு விட்டுடாதீங்கம்மா."

ஊர் திரும்பியதும் என் மனைவி வாசலில் நின்று தெருவுக்கே பிரசங்கம் செய்தாள்.

"சூனியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் பூச்சி. நான் என் கண்ணால பாத்தேன். நெளியுது!"

"பூச்சியா? எத்தாம் பெருசுடி?" என்றார் எதிர்வீட்டு அத்தை.

"கண்ணுக்கே தெரியாது அத்த. உங்க வாய்லயும் இருக்காம்."

"என் வாய்ல எதுக்குடி இருக்கு? நான் நாள் முச்சூடும் வெத்தல போடுறவ!"

"அப்ப அதுங்களுக்கும் நாக்கு செவந்திருக்கும் அத்த" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்தது. துண்டை உதறியவர்களும் சிரித்தார்கள். ஊர்ப் பகையாக முற்றியிருக்க வேண்டிய ஒன்று, அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது.

என் மனத்தில் இருந்தது மட்டும் கரையவில்லை. மறுநாள் சிலேட்டை எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குத் தனியே போனேன். பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுதுவதற்குள் அவரே பேசிவிட்டார்.

"கேள்விப்பட்டேன் தம்பி. ரெண்டு நாளா வாசக்கதவ சாத்தல. வரட்டும், வந்தா என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இங்கயே உக்காந்துட்டேன். ஒண்ணும் தோணல."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. "நானும் அப்படி நினைத்தேன். மன்னிக்க வேண்டும்" என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். படித்துவிட்டுத் தன் தோள்துண்டாலேயே அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க?"

கற்கண்டு, இடுக்கு, பூச்சி என்று எழுதி எழுதி விளக்கினேன். படித்துக்கொண்டே வந்தவருடைய கை மெல்லத் தன் கன்னத்துக்குப் போனது. பிறகு வாயை அகலத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார். இடப்பக்கத்தில், முன்பற்களுக்குப் பின்னால், ஒரு பல் கூட இல்லை. வெறும் ஈறு, மழை கண்ட மண்சுவர்போல.

"நாப்பது வருசமா ஒதுக்குன எடம் தம்பி! ஒண்ணொண்ணா ஆடி ஆடி விழுந்துச்சு. வயசாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன். எனக்குத் தெரிஞ்ச வித்தைய உங்களுக்கும் சொல்லிக் குடுத்துப்புட்டேன் பாருங்க!" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபோது தாடை வலித்தது; வலித்ததால் என் முகம் போன கோணலைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார்.

அங்கேயே ஒன்றை முடிவு செய்து எழுதிக் காட்டினேன்: "என்னோடு நின்று நீங்களும் பாட வேண்டும்."

அவர் உடனே ஒப்பவில்லை. "உங்க தெருவு ஆசைப்பட்டு நிக்குது. இதுல நான் எதுக்கு?" என்றார். எங்கள் தெருவிலும் சிலர் முகம் சுளித்தார்கள். "நம்ம ஆளு ஏறுற அன்னிக்குத்தான் இவரு கூட ஏறணுமா?" என்றார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குள் ஓரளவு பேச்சு திரும்பியிருந்தது எனக்கு. மண்டபத்தில் நான் முதலில் ஏறுகிறேன், முதலடியை நான் எடுக்கிறேன், அவரை நான்தான் அழைத்து நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னேன். அழைப்பது நாம் என்றதும் எதிர்வீட்டு அத்தைக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பின் வேறு எவரும் மறுக்கவில்லை.

குடமுழுக்கன்று காலை என் பற்களுக்கிடையில் பதினோரு குச்சிகள் நுழைந்தன. இரண்டு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலசத்தில் நீர் விழுந்தது. தீபாராதனை ஆயிற்று. மூன்று வேட்டிகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு மண்டபப் படியில் கால் வைத்தபோது, என் பின்னால் எங்கள் தெரு மூச்சுவிடாமல் நின்றதை முதுகால் உணர்ந்தேன். முதலடியைத் தனியாக எடுத்தேன். குரல் வந்தது. இரண்டாம் அடிக்குப் பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் வந்து என் வலப்பக்கத்தில் நின்றார்.

நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தானாகவே அமைந்தது. வாய் அகன்று குரல் மேலேற வேண்டிய இடங்களை அவர் எடுத்துக்கொண்டார். மூச்சு நீண்டு நிற்க வேண்டிய இடங்களை நான் எடுத்துக்கொண்டேன். எட்டாம் பாட்டில் என் தாடை ஒருமுறை பிடித்துக்கொண்டது. அவர் அந்தச் சொல்லைத் தாங்கிப் பிடித்தார். பத்தாம் பாட்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் கடைசி அடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். பாடி முடித்துத் திரும்பினால், கூட்டத்தின் முன்வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அத்தை திருநீறு வாங்கப் படியருகே வந்தவர், எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாயி தேறிடுச்சுப்பா" என்றார். அர்ச்சகர்கூடத் திருநீற்றுத் தட்டோடு திரும்பிக்கொண்டு சிரித்தார்.

பங்குனியில் பெரம்பலூர் போய் அந்தப் பல்லை எடுத்துவிட்டேன். டாக்டரம்மாவுக்கு எங்கள் வீட்டுப் பூசணிக்காய் ஒன்றை என் மனைவி சுமந்து வந்திருந்தாள். பெரியவர் அதன்பின் ஆறேழு ஆண்டுகள் இருந்தார். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் இருவரும் சேர்ந்தே பாடினோம், தொண்டைக்கு வெந்நீர் மட்டும் குடித்துக்கொண்டு. கோடிப் பற்கள்வரை தேய்த்துக் கொப்புளிப்பதையும் அன்றுமுதல் வழிபாட்டின் முதல் அங்கமாகவே செய்துவருகிறேன். இறைவன் வந்து தங்கும் இடத்தைப் பெருக்கிவைப்பது எவ்வளவு சிறிய இடமானாலும் திருப்பணிதானே.

இந்த எழுபது வயதுக்கு மேலும், பிறர்மேல் ஒரு குற்றத்தைச் சுமத்த மனம் முந்தும்போதெல்லாம், அந்த வெளிச்ச வட்டத்தில் நெளிந்த என் சொந்த அழுக்கு கண்முன் வந்து, முதலில் உன்னிடம் தேடு என்று சிரித்துக்கொண்டே சொல்கிறது.